இரண்டு சைக்கிள் சேர்ந்து போனால் ஹாரன் அடிக்கலாமா?

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் காட்சி இது. இறுக்கமான உடையும் ஹெல்மெட்டுமாக எட்டுப் பத்துப் பேர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தங்கள் பக்கத்து லேனை அடைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போவார்கள். பேச்சு வேறு நடந்துகொண்டிருக்கும். பின்னால் கார் வந்து ஊர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லாதது போலத் தெரியும். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயம் நடந்த பாக்ஸ் ஹில் பக்கம் போனால், ஒரு கூட்டத்தைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டிப் பழகிய கை, இந்த இடத்தில் தானாகவே ஹாரனுக்குப் போகும். "ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போனால் நாம் பாட்டுக்குப் போய்விடலாமே" என்று வாய் முணுமுணுக்கும். இந்த எண்ணம் நம்மவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருக்கிற ஆங்கிலேயர்களில் பலருக்கும் வருகிறது. அவர்களிலும் பலர் ஹாரனை அழுத்துகிறார்கள். ஆனால் அந்த எண்ணத்துக்குள் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் சட்டம்

பிரிட்டனில் சாலையைப் பயன்படுத்துவோருக்கான அதிகாரபூர்வக் கையேடு 'ஹைவே கோட்'. 1931இல் முதன்முதலாக வந்தது, அவ்வப்போது திருத்துவார்கள். நம் விஷயத்தில் முக்கியமான திருத்தம் 29 ஜனவரி 2022 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் அது பொருந்தும்.

அதற்கு முன்பும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போவதற்குத் தடை இல்லை. இரண்டுக்கு மேல் கூடாது, குறுகிய சாலையிலும் நெரிசலான சாலையிலும் வளைவுகளிலும் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள் என்று பழைய 66ஆம் விதி சொன்னது. புதிய 66ஆம் விதியின் தொனியே வேறு. இரண்டு பேர் சேர்ந்து போகலாம், அப்படிப் போவது பாதுகாப்பாகவும் இருக்கலாம் என்கிறது. பெரிய குழுவாகப் போகும்போதும், பிள்ளைகளையோ புதிதாக ஓட்டுபவர்களையோ கூட்டிக்கொண்டு போகும்போதும் குறிப்பாக அப்படி. கூடவே சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பொறுப்பைத் தருகிறது: பின்னால் வண்டி வருவதைக் கவனியுங்கள்; பாதுகாப்பு என்று உங்களுக்குத் தோன்றும்போது ஒற்றை வரிசைக்கு மாறியோ நின்றோ வழி விடுங்கள்.

"உங்களுக்குத் தோன்றும்போது" என்பதை இன்னொரு முறை படியுங்கள். எப்போது வழி விடுவது என்று முடிவு செய்பவர் சைக்கிளில் இருப்பவர். பின்னால் இருக்கும் கார்க்காரர் அல்ல.

கார் ஓட்டுபவர்களுக்கான பகுதி 163ஆம் விதியில் இருக்கிறது. மணிக்கு 30 மைல் வேகம் வரை போகும்போது சைக்கிளிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி முந்த வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். குதிரை என்றால் 2 மீட்டர், வேகம் 10 மைலுக்குள். (ஆமாம், இங்கே சாலையில் குதிரைகளும் வரும். அவற்றின் அருகே ஹாரனே அடிக்கக் கூடாது என்பது தனி விதி.)

இந்தக் கையேட்டில் எல்லா விதிக்கும் ஒரே எடை கிடையாது. சில விதிகள் நேரடியாகச் சட்டம், மீறினால் குற்றம். மற்றவை அறிவுரை. 1.5 மீட்டர் இரண்டாவது வகை. அதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, கவனமின்றி ஓட்டினீர்கள் என்ற வழக்கு வந்தால், விதியை மீறியதை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம். நடைமுறையில் அறிவுரைக்கும் பல் உண்டு.

இதையெல்லாம் தெரியாமல் ஓட்டுபவர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால், காரணம் எளியது. ஓட்டுநர் உரிமம் வாங்கிய அன்றோடு பெரும்பாலானோர் கையேட்டை மூடிவிடுகிறார்கள். 2022இல் என்ன மாறியது என்று தேடிப் படிக்க யாருக்கு நேரம்? தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குடியேறுபவர்கள் தங்கள் ஊர் உரிமத்தை வைத்து 12 மாதம் ஓட்டலாம். அந்த ஒரு வருடத்தில் கையேட்டைத் திறந்தே பார்க்காமல் இருந்துவிட முடியும். எழுத்துத் தேர்வின் கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்டுப் பதில் சொல்லும் வசதி 2014 ஏப்ரல் வரை இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

கணக்கு

இப்போது அந்தக் கணக்குப் பிழைக்கு வருவோம். பிரிட்டனிலும் நம்மூர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வலப்பக்கமாக முந்த வேண்டும். அதனால் கற்பனை செய்வது எளிது.

ஒரே ஒரு சைக்கிள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரக் கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டராவது தள்ளிப் போகச் சொல்கிறது கையேடு. காரணம், ஓரத்தில்தான் சாக்கடை மூடி, கண்ணாடித் துண்டு, குழி எல்லாம் இருக்கும். நடைமுறையில் சக்கரம் முக்கால் மீட்டர் தள்ளிப் போகும். ஹாண்டில்பாரும் முழங்கையும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆக சைக்கிள்காரரின் வலது முழங்கை ஓரத்திலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது.

அதோடு 1.5 மீட்டர் இடைவெளியைக் கூட்டுங்கள்: 2.5. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் சாதாரண கார் ஒன்றின் அகலம் சுமார் 2 மீட்டர். அதையும் கூட்டினால் 4.5 மீட்டர். காரின் வலது பக்கக் கண்ணாடி அங்கே இருக்கும்.

லேன் எவ்வளவு அகலம்? தாராளமாகப் போட்ட இருவழிச் சாலை என்றால் 3.65 மீட்டர். கிராமப்புறச் சாலை என்றால் 3 மீட்டர் இருந்தாலே அதிகம்.

அதாவது ஒற்றைச் சைக்கிளை முறையாக முந்துவதற்கே, நல்ல அகலமான சாலையில் நடுக்கோட்டைத் தாண்டி முக்கால் மீட்டருக்கு மேல் எதிர் லேனுக்குள் போகிறீர்கள். சிறிய சாலையில் ஒன்றரை மீட்டர். எதிரே வண்டி வந்தால் இரண்டிலும் முந்த முடியாது. ஒற்றை வரிசையாக இருந்தால் "நாம் பாட்டுக்குப் போய்விடலாம்" என்பது, 1.5 மீட்டரை விழுங்கிவிட்டால் மட்டுமே நடக்கிற காரியம்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: "7.3 மீட்டர் சாலையில் நான் 4.5 வரைதானே போகிறேன்? எதிரே வருபவருக்கு இன்னும் 2.8 மீட்டர் இருக்கிறதே?" இருக்கிறது. அவருடைய கார் 2 மீட்டர். மீதி 80 சென்டிமீட்டர். அந்த 80 சென்டிமீட்டரை இரண்டு கார்களுக்கு நடுவிலும், எதிரே வருபவருக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவிலும் பங்கிட வேண்டும். இரண்டு வண்டியும் 30 மைலில் வந்தால் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் மணிக்கு 96 கிலோமீட்டர். செய்து பார்க்கச் சொல்ல மாட்டேன். 6 மீட்டர் சாலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை; எதிரே வருபவருக்கு மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்தான்.

இப்போது சைக்கிள்காரர் பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்துகொள்கிறார். கணக்கில் ஒரு மீட்டர் கூடுகிறது: 5.5. முந்துகிற கார் ஏறக்குறைய முழுதாக எதிர் லேனுக்குப் போக வேண்டும். ஆனால் எதிர் லேன் காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்பே இருந்ததுதான். புதிதாக எதுவும் பறிபோகவில்லை. காலியான லேனில் ஒரு மீட்டர் தள்ளிப் போவதில் என்ன நஷ்டம்?

சில சந்துகள் இதற்கும் குறுகலானவை. இரண்டு பக்கமும் வேலி, நடுவே ஒரு காருக்கான இடம். அங்கே ஒற்றைச் சைக்கிளைக்கூட முந்த முடியாது. பின்னாலேயே போக வேண்டியதுதான்.

நீளமும் ஒரு கணக்கு

அகலத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நீளத்தை மறந்துவிடுகிறார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்வோம். ஒரு சைக்கிள் சுமார் 1.75 மீட்டர், இரண்டு சைக்கிளுக்கு நடுவே ஒரு மீட்டர். ஒற்றை வரிசை என்றால் 21 மீட்டர் நீளம். இரட்டை வரிசை என்றால் 10 மீட்டர்.

அவர்கள் மணிக்கு 15 மைல் வேகத்தில் போகிறார்கள், நீங்கள் 30இல் முந்துகிறீர்கள். வித்தியாசம் நொடிக்கு 6.7 மீட்டர்தான். குழுவுக்கு 10 மீட்டர் முன்பே வலப்பக்கம் ஒதுங்கி, தாண்டிய பின் 10 மீட்டர் கழித்து உள்ளே வருவதாக வைத்தால், காரின் நீளத்தையும் சேர்த்து, ஒற்றை வரிசையை முந்த 6.8 நொடி ஆகிறது. இரட்டை வரிசை என்றால் 5.2 நொடி. அந்த நேரம் முழுவதும் நீங்கள் எதிர் லேனில் இருக்கிறீர்கள். எதிரே ஒருவர் 30 மைலில் வந்தால், முந்தத் தொடங்கும்போது ஒற்றை வரிசைக்கு உங்கள் முன்னால் 180 மீட்டர் காலிச் சாலை தெரிய வேண்டும். இரட்டை வரிசைக்கு 140 போதும். நடுவே தடுப்பில்லாத கிராமப்புறச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 60 மைல் என்பதை நினைவில் வைத்தால், இரண்டு எண்களுமே இன்னும் நீளும், இடைவெளியும் விரியும்.

வளைந்து வளைந்து போகும் ஆங்கிலேயக் கிராமச் சாலையில் 140 மீட்டர் நேராகத் தெரிகிற இடம் அவ்வப்போது வரும். 180 அபூர்வம். ஆக, இரட்டை வரிசையாகப் போகிறவர்கள் உங்களுக்கு முந்துவதற்கான வாய்ப்பைக் கூட்டித்தான் தருகிறார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் விசித்திரம் போய்விடும்.

அவர்கள் அதற்காகத்தான் அப்படிப் போகிறார்களா என்றால், அதற்காக மட்டும் அல்ல. பேசிக்கொண்டு போவது சந்தோஷம்; அதில் தப்பில்லை, காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு நாமும் பேசிக்கொண்டுதானே போகிறோம். ஆனால் அனுபவமுள்ளவர்கள் வேறொன்றும் சொல்வார்கள்: ஓரமாக ஒட்டிப் போனால், பின்னால் வருபவர் "நடுவில் நுழைந்துவிடலாம்" என்று நம்பிவிடுகிறார். நடுவில் போனால் அந்த நம்பிக்கை பிறப்பதில்லை. ஒன்று காத்திருப்பார், அல்லது எதிர் லேனுக்கு முழுதாகப் போவார். தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது வெளிப்பக்கம் தகப்பன் வருவது இதனால்தான்.

இதற்கு எதிரான சான்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் வாக்கர் என்ற உளவியல் ஆய்வாளர், தூரத்தை அளக்கும் கருவியைச் சைக்கிளில் பொருத்திக்கொண்டு தானே ஓட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முந்தல்களை அளந்தார். இடையில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன என்பது கூடுதல் தகவல். ஹெல்மெட் போட்டிருந்தால் கார்கள் இன்னும் நெருக்கமாக முந்துகின்றன என்ற முடிவுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. அதே ஆய்வு, 2007இல் வெளியானது, ஓரத்திலிருந்து விலகி ஓட்ட ஓட்ட, கார்கள் விடும் இடைவெளி குறைந்ததையும் காட்டியது. அவர் தனியாக ஓட்டியவர். பக்கத்தில் இன்னொருவர் இல்லை. இருந்தாலும் நடுவில் போனால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்குவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சைக்கிள்காரர் எங்கே ஓட்டினாலும், இடைவெளி ஸ்டீயரிங் பிடித்தவர் கையில் இருக்கிறது.

அதனால்தான் போலீஸ் கார்க்காரர் பக்கம் திரும்பியது. 2016இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 'ஆபரேஷன் குளோஸ் பாஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் போவார். மிக நெருக்கமாக முந்துகிற காரைப் பற்றி வயர்லெஸ்ஸில் சொல்வார். சற்றுத் தள்ளி நிற்கும் சகாக்கள் காரை நிறுத்துவார்கள். தரையில் விரித்த பாயில் சைக்கிளும் காரும் நிற்க வேண்டிய தூரத்தை வரைந்து வைத்திருப்பார்கள். அதைக் காட்டிப் பாடம் நடக்கும். மோசமாக ஓட்டியவர் மீது வழக்கு. பிறகு வேறு பல ஊர்களிலும் இதைப் பின்பற்றினார்கள். கவனமின்றி ஓட்டியதற்கான உடனடி அபராதம் 100 பவுண்டு, உரிமத்தில் 3 புள்ளி.

சரி, ஹாரன்?

நம் ஊர்ச் சாலையில் ஹாரன் ஒரு தகவல். "வருகிறேன்", "பின்னால் இருக்கிறேன்", "வலப்பக்கம் முந்துகிறேன்". லாரிகளின் முதுகிலேயே 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிவைத்து நம்மைக் கேட்டுக்கொள்வார்கள். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால் எதிரே வருகிறவர் திட்டுவார். தேவையில்லாமல் அடிக்கக் கூடாது என்று இந்திய விதிகளும் சொல்கின்றன. ஆனால் எது தேவை என்பதில் நமக்குத் தாராள மனசு.

பிரிட்டனின் 112ஆம் விதி சுருக்கமானது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அங்கே இருப்பதை மற்றவருக்கு எச்சரிக்க வேண்டியிருந்தால் மட்டும் அடியுங்கள். கோபத்தைக் காட்ட அடிக்காதீர்கள். நின்றுகொண்டிருக்கும்போது அடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சட்டம். வேறொரு வண்டியால் ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு.

அப்படியானால் "நான் இருக்கிறேன்" என்று சொல்வதற்குச் சைக்கிள்காரர்களிடம் லேசாக அடிக்கலாம்தானே? எழுத்தின்படி பார்த்தால் தவறில்லை. தொலைவிலேயே ஒரு தட்டுத் தட்டுபவரை யாரும் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். முதலில், அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கண்ணாடி மூடிய காருக்குள் இருக்கிற நமக்கு வெளிச் சத்தம் கேட்காது. திறந்தவெளியில் இருக்கிற அவர்களுக்கு உங்கள் டயர் தாரில் உரசுகிற சத்தமே போதும். மின்சார காராக இருந்தாலும் அந்த வேகத்தில் டயர் சத்தம் இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவர் "கார் பேக்!" (பின்னால் கார்) என்று கத்தி முன்னால் சொல்லியிருப்பார். எதிர்க்காற்று பலமாக அடிக்கும் நாளில் வேண்டுமானால் கேட்காமல் போகலாம்.

இரண்டாவது, ஹாரன் செய்யப்பட்டதே இன்னொரு காரின் மூடிய கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்பதற்காக. சைக்கிள்காரருக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே கண்ணாடி இல்லை. நாலைந்து மீட்டர் பின்னாலிருந்து அதைக் கேட்டால் உடம்பு தானாகத் துள்ளும். சிலர் பிரேக்கைப் பிடிப்பார்கள். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். பழக்கமில்லாதவர் வலப்பக்கம் தலையைத் திருப்பும்போது தோளும் திரும்பும், தோளோடு ஹாண்டிலும் வலப்பக்கம் ஒடியும். நீங்கள் முந்த வருகிற அதே பக்கம். குழுவில் ஒருவர் பின்சக்கரத்துக்கும் அடுத்தவர் முன்சக்கரத்துக்கும் நடுவே அதிக இடம் இருக்காது. முன்சக்கரம் போய் உரசினால், பின்னால் வந்தவர்தான் விழுவார். எங்கே விழுவார் என்று சொல்ல முடியாது.

அப்புறம், ஹாரன் கேட்டு அவர்கள் ஒற்றை வரிசைக்கு மாறவே செய்தாலும், அது பொத்தானை அழுத்தியதும் நடக்கிற காரியமல்ல. உள்வரிசையில் இருப்பவர்கள் வேகத்தைக் குறைத்து நடுவில் இடம் உண்டாக்க வேண்டும். வெளிவரிசைக்காரர் ஒவ்வொருவராக அதில் நுழைய வேண்டும். சில நொடிகள் வரிசை நெளியும். ஹாரன் அடித்த அவசரத்தோடு அந்த நொடிகளில் முந்துவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். பக்கவாட்டில் வரும்போது, காதருகே அழுத்திப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் எச்சரிக்கவில்லை, திட்டுகிறார்கள்.

கடைசியில், ஹாரன் எதைச் சாதிக்க வேண்டும்? தடை எதிர் லேனில் வருகிற வண்டி என்று கணக்கில் பார்த்தோம். அல்லது முன்னால் இருக்கிற வளைவு. சைக்கிள்காரரிடம் ஹாரன் அடித்தால் இரண்டும் விலகாது. தெருவில் கறிகாய் வண்டி நிற்கிறது என்று வீட்டு நாயைத் துரத்துவது போல.

கடலைத் தாண்டினால் விதி மாறும்

இந்த விஷயத்தில் ஐரோப்பா முழுக்க ஒரே விதி இல்லை. 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, ஊருக்கு வெளியே முந்தப் போவதைத் தெரிவிக்க ஹாரன் அடிப்பதை அனுமதிக்கிறது. சைக்கிள்கள் சேர்ந்து போவதைத் தடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது.

ஜெர்மனி அந்த ஹாரன் விதியை வைத்திருக்கிறது: ஊருக்கு வெளியே முந்தும்போது ஒலி எழுப்பலாம். அதே ஜெர்மனியில், போக்குவரத்துக்குத் தடையில்லாவிட்டால் சைக்கிள்கள் இணையாகப் போகலாம் என்று 2020 ஏப்ரலில் விதியைத் தெளிவாக்கினார்கள். முந்தும் இடைவெளி ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் அந்தக் குழு தனி அணியாகக் கணக்கு. இரண்டிரண்டாகப் போக முழு உரிமை.

பிரான்ஸ் இன்னும் வித்தியாசம். இரண்டு பேர் சேர்ந்து போகலாம். ஆனால் இருட்டியதும் ஒற்றை வரிசை, முந்த விரும்பும் வண்டி தான் வருவதைத் தெரிவித்தாலும் ஒற்றை வரிசை என்று அங்கே சட்டமே சொல்கிறது. ஆகவே பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருக்கும் சித்தப்பா, "அடிச்சா ஒதுங்கணும், அதுதான் ரூல்" என்று சொன்னால், அவர் ஊருக்கு அது சரி. ஃபெர்ரியில் ஏறி டோவரில் இறங்கியதும் செல்லாது.

சிங்கப்பூர் எதிர்த் திசையில் போனது. ஒரு திசைக்கு ஒரே லேன் இருக்கும் சாலையிலும், இயங்கும் நேரத்தில் பஸ் லேனிலும் இணையாகப் போகக் கூடாது. மற்ற சாலைகளில் இரண்டு பேர் சேரலாம். 2022 ஜனவரி 1 முதல் குழுவின் நீளத்துக்கும் வரம்பு வந்தது: ஐந்து சைக்கிள் நீளம், அதாவது ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே இரண்டு விளக்குக் கம்பம் தூரம், சுமார் 30 மீட்டர், விட வேண்டும் என்பது அறிவுரை. கார்க்காரர்களுக்கு 1.5 மீட்டர் அங்கேயும் உண்டு. குழுவின் நீளம்தான் முந்துவதைக் கடினமாக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டு போட்ட விதி இது; அந்த அளவில் எனக்குப் பிடித்திருக்கிறது.

முந்துவது எப்படி

மறுபடியும் பிரிட்டன். முன்னால் குழு தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இரண்டு கார் நீளமாவது பின்னால் இருங்கள். ஒட்டிக்கொண்டு போனால் எதிரே என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியாது. வளைவு, மேட்டின் உச்சி, சந்திப்பு இவற்றின் அருகே முந்தாதீர்கள். எதிர் லேன் காலி என்று கண்ணால் கண்டதும், இண்டிகேட்டர் போட்டு, முழுதாக வலப்பக்கம் போய், முதல் வரிசையில் இருப்பவர் உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு திரும்பி உள்ளே வாருங்கள். பாதி தூரத்தில் எதிரே வண்டி தெரிந்தால், பலரும் செய்வது போல இடப்பக்கம் சாய்ந்து குழுவை ஓரத்துக்கு நெருக்கக் கூடாது. பிரேக் பிடித்துப் பழைய இடத்துக்கே திரும்புங்கள்.

நடுவில் தொடர்கோடாக வெள்ளை இரட்டைக் கோடு இருந்தால் ஒரு நுணுக்கம். உங்கள் பக்கக் கோடு தொடர்கோடாக இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. ஆனால் சைக்கிள் மணிக்கு 10 மைல் அல்லது அதற்குக் குறைவாகப் போனால், பாதுகாப்பாக இருந்தால் தாண்டலாம். ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் சமதளத்தில் 15 மைலுக்கு மேலேயே போகும். எனவே அங்கே சட்டப்படி காத்திருக்கத்தான் வேண்டும். மேடு ஏறும்போது அவர்கள் வேகம் குறையும், அப்போது பார்க்கலாம்.

காத்திருப்பதில் எவ்வளவு போகிறது? அரை கிலோமீட்டர் தூரம் 30 மைலுக்குப் பதிலாக 15 மைலில் அவர்கள் பின்னால் போனால் 37 நொடி நஷ்டம். அதற்கே பின்னால் ஐந்தாறு கார்கள் சேர்ந்துவிடும், உண்மைதான். அப்படி வரிசை நீண்டால் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். பல குழுக்கள் விடுவதில்லை என்பதும் உண்மைதான். நல்ல குழுத் தலைவர் ஒரு இடம் பார்த்து "சிங்கிள் அவுட்!" என்று குரல் கொடுத்து வரிசையை மாற்றிவிடுவார்.

சில சமயம் முன்னால் இருப்பவர் கையை வீசி "போ போ" என்று சைகை காட்டுவார். நல்ல மனதோடு காட்டுவதுதான். நன்றி சொல்லிக் கையை உயர்த்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வண்டியை வெளியே எடுக்காதீர்கள். எதிரே வருகிற கார் எவ்வளவு வேகத்தில் வருகிறது, உங்கள் கார் எவ்வளவு நீளம், எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. முந்தியதில் ஏதாவது ஆனால், அந்தக் கையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.